காடியோடு வாரண்டியும் விற்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக வேலை செய்கிறேன். மகள் இப்போதுதான் தாதி வேலையில் சேர்ந்திருக்கிறாள். ஈப்போ மருத்துவமனைக்கு ஷிப்ட் போய்வர ஒரு காடி தேவை. ஈப்போவில் ஒரு பழைய காடிக் கடையில் 2018 மைவி ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். மீட்டரில் 88,000 கிலோமீட்டர் காட்டுகிறது. கடையில் இருக்கும் தம்பி, "ரெண்டு வருஷ எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்துக்குங்க அக்கா, எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாமே கவர் ஆகும், 2,800 வெள்ளிதான், லோன்லயே சேர்த்துடலாம்" என்கிறார். அதை எடுத்தால் லோன் சீக்கிரம் பாஸ் ஆகும் என்றும் சொல்கிறார். லோன் மகள் பெயரில், ஜாமீன் நான். வெள்ளிக்கிழமை கையெழுத்து. ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: அன்புள்ள அம்மா,

முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். காடி வாங்குவதும் வாரண்டி வாங்குவதும் இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள். வெள்ளிக்கிழமை காடிக்குக் கையெழுத்துப் போட்டாலும், வாரண்டிப் பத்திரத்தில் அன்றைக்கே போட வேண்டாம். அதன் மாதிரிப் பிரதியை முன்கூட்டியே வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், கீழே சொல்லியிருக்கும் இடங்களைப் படித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். நல்ல வாரண்டிகளும் இருக்கின்றன. ஆனால் வழக்கறிஞர் என்ற முறையில் என் மேசைக்கு வரும் வாரண்டித் தகராறுகளில் பெரும்பாலானவை, எந்தப் பாகம் கவர் ஆகும் என்பதில் வருவதில்லை. வாங்கியவர் செய்ய வேண்டிய ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டதாகக் கம்பெனி சொல்வதில்தான் வருகின்றன. கடையில் உங்களிடம் காட்டுவது பாகங்களின் பட்டியலை மட்டும். உங்கள் கடமைகள் இருக்கும் பக்கத்தை யாரும் திறந்து காட்டமாட்டார்கள்.

"எக்ஸ்டெண்டட்" என்று சொல்வதால் பழைய வாரண்டியே நீள்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மைவியைத் தயாரிக்கும் பெரோடுவா புதுக் காடிக்குத் தருவது 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. 2018 மைவிக்கு அந்தக் காலம் 2023-இலேயே முடிந்துவிட்டது. இப்போது உங்களிடம் விற்கப்படுவது வேறொரு கம்பெனி, வேறு நிபந்தனைகளோடு போடும் புது ஒப்பந்தம். காடிக்கு நீங்கள் எடுக்கப்போகும் இன்சூரன்சும் வேறு விஷயம். அது விபத்து, திருட்டு, தீ போன்றவற்றுக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது கியர்பாக்ஸ் பழுதானால் சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் ஒரு சென்கூடத் தராது. அந்த இடைவெளியைக் காட்டித்தான் வாரண்டி விற்கிறார்கள். இடைவெளி உண்மை. இந்த ஒப்பந்தம் அதை அடைக்கிறதா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, வாக்குக் கொடுப்பது யார் என்று. காடிக் கடையா, தனி வாரண்டிக் கம்பெனியா, அல்லது பின்னால் உரிமம் பெற்ற ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறதா? நம் நாட்டில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் 2013 நிதிச் சேவைச் சட்டத்தின்படி மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் மேற்பார்வையில் இருக்கின்றன. உரிமம் உள்ளவர்களின் பட்டியலை பேங்க் நெகாரா இணையத்தளத்திலேயே பார்க்கலாம். தனி வாரண்டிக் கம்பெனிக்கு அந்த மேற்பார்வை கிடையாது. அது கடையைச் சாத்தினால் உங்கள் 2,800 வெள்ளி ஒரு காகிதமாகத்தான் கையில் நிற்கும். ஒப்பந்தத்தில் கம்பெனியின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டினால் அது எப்போது பதிவானது, இன்னும் இயங்குகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு ஆண்டுக்கு வாக்குக் கொடுப்பவர் போன வருடம்தான் கம்பெனி தொடங்கியிருக்கிறார் என்றால் நான் யோசிப்பேன்.

அப்புறம் ஒப்பந்தத்தைப் பின்னாலிருந்து படியுங்கள். முதல் பக்கத்தில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் என்று பெரிய எழுத்தில் பட்டியல் இருக்கும். அதை விட்டுவிட்டு "பிரேக்டவுன்" என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். பல ஒப்பந்தங்களில் அது, திடீரென்று எதிர்பாராமல் ஒரு பாகம் செயலிழப்பது என்று இருக்கும். தேய்மானத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவது சேராது என்றும் அடுத்த வரியிலேயே இருக்கும். 88,000 கிலோமீட்டர் ஓடிய காடியில் தேயாத பாகம் எது? இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பாதிக் கிளைம்களைத் தள்ளிவிட முடியும். தேய்மானத்துக்கும் ஓரளவு இடம் கொடுக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அப்படி எழுதியிருந்தால் அது நல்ல அடையாளம்.

இதைவிட முக்கியம் மூல காரணம் பற்றிய விதி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். ரேடியேட்டர் ஹோஸ் ரப்பர் சாமான். அது எந்த வாரண்டியிலும் பெரும்பாலும் சேராது. அது வெடித்து, தண்ணீர் ஒழுகி, எஞ்சின் சூடேறி, சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது என்று வையுங்கள். சிலிண்டர் ஹெட் பட்டியலில் இருக்கிறது. ஹோஸ் ஐம்பது, நூறு வெள்ளிச் சமாச்சாரம். ஹெட் வேலை ஆயிரக்கணக்கில் போகும். கம்பெனி என்ன சொல்லும்? "கெட்டதற்குக் காரணம் ஹோஸ், ஹோஸ் கவர் இல்லை, ஆகவே அதனால் வந்த சேதமும் கவர் இல்லை." அதோடு, "சூடேறிய பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள், அது கவனக்குறைவு" என்றும் சேர்த்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால், பட்டியலில் எஞ்சின் இருப்பதால் உங்களுக்குப் பயனில்லை. எனவே கடைத் தம்பியிடம் இப்படியே கேளுங்கள்: "ஹோஸ் வெடிச்சு எஞ்சின் சூடாகி ஹெட் போனா, ஹெட்டுக்குக் காசு குடுப்பாங்களா? எந்த விதியில இருக்கு, காட்டுங்க." விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால், இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் ஒழுகுவது, கேஸ்கெட், ஏர்கான் கேஸ், எலக்ட்ரிக்கல் சென்சார் எல்லாவற்றுக்கும் இதே கேள்வி.

அடுத்தது உங்கள் கடமைகள். நீங்கள் இருப்பது தோட்டத்தில் என்பதால் இது உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும். சர்வீஸ் விதியில் 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம் என்று இருக்கலாம், சிலவற்றில் 5,000 என்றும் இருக்கும். ஒரு சர்வீஸ் சில வாரம் தள்ளிப்போனால்கூட முழு வாரண்டியும் ரத்து என்று எழுதியவை உண்டு. நம் பக்கத்தில் ஆயில் மாற்றுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். பட்டணத்தில் ஆயில் டின் வாங்கி வந்து, தெரிந்த மெக்கானிக் அண்ணன் வீட்டு வாசலிலேயே மாற்றிக் கொடுப்பார். வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ரசீது இல்லை, மீட்டர் எண் எழுதிய பதிவு இல்லை. வாரண்டிக் கம்பெனியைப் பொறுத்தவரை அந்த சர்வீஸ் நடக்கவே இல்லை. வாரண்டி எடுத்தால் இரண்டு வருடமும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அவர்கள் சொல்லும் பட்டறையில், அவர்கள் சொல்லும் இடைவெளியில் செய்து, காடி எண், மீட்டர் எண், தேதி எல்லாம் உள்ள ரசீது வாங்க வேண்டும். தெர்மல் தாளில் வரும் ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். அன்றைக்கே போனில் படம் பிடித்து வையுங்கள்.

செம்மண் சாலையையும் மறக்காதீர்கள். லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் வரை குலை லாரிகள் கிளப்பும் தூசி, மழைக் காலத்தில் சேறும் பள்ளமும். தார் போடாத பாதையில் ஓட்டுவது, கடுமையான பயன்பாடு, தண்ணீரில் இறங்கிய காடி ஆகியவற்றை விலக்கும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வீட்டு விலாசம் தோட்டத்தில் என்பதை எழுத்தில் சொல்லி, இது பொருந்துமா என்று எழுத்திலேயே பதில் கேளுங்கள். இன்னொன்று: மகள் லீவு நாளில் கிராப் ஓட்டலாம் என்று நினைத்தால், வாடகைப் பயன்பாட்டுக்கு வாரண்டி செல்லாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும்.

காடி கெட்ட அன்று என்ன செய்ய வேண்டும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். எந்த ஸ்பானரும் தொடுவதற்கு முன் கம்பெனியைக் கூப்பிட்டு அனுமதி எண் வாங்க வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் உண்டு. அனுமதி இல்லாமல் சரிசெய்துவிட்டுப் பில்லை நீட்டினால் காசு வராது. அதோடு கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால்தான் என்ன கோளாறு என்று தெரியும். கழற்றும் கூலிக்கு யார் பொறுப்பு? கழற்றிப் பார்த்து "இது கவர் இல்லை" என்றால் அந்தக் கூலி உங்கள் தலையில் விழும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. சில இடங்களில் பணத்தை நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டும். அவர்களின் பட்டறை பட்டியலில் சுங்கை சிப்புட்டில் யாராவது இருக்கிறார்களா? ஈப்போதான் என்றால் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு இழுவை லாரி கூலி யாருடையது? இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ரோட்டோரத்தில் நின்றால், அந்த அழைப்பு எண்ணை யாராவது எடுப்பார்களா? இதை ஊகிக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் ஒரு தடவை அழைத்துப் பாருங்கள்.

பண வரம்பு பற்றிச் சுருக்கமாக. ஒரு கிளைமுக்கு எவ்வளவு, மொத்தத்துக்கு எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒரு கிளைமுக்கு 2,000 என்று இருந்து, வேலை 4,500 வந்தால், மீதி 2,500 உங்களுடையது. மீட்டர் கூடக்கூட பாகங்களின் விலையில் ஒரு சதவீதத்தை வாங்கியவர் ஏற்க வேண்டும் என்ற அட்டவணையும் சிலவற்றில் இருக்கும். தொடக்கத்தில் 30 நாள் அல்லது 1,000 கிலோமீட்டர் காத்திருப்புக் காலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய காடியின் மறைந்திருக்கும் கோளாறுகள் வெளியே வருவது பெரும்பாலும் அந்த முதல் மாதத்தில்தான். அப்போது வந்தால் "ஏற்கெனவே இருந்த கோளாறு" என்பார்கள்.

இப்போது லோன் விஷயம். வங்கி கேட்பது காடிக்கு முழு இன்சூரன்ஸ். வாரண்டி எடுத்தால் லோன் சீக்கிரம் பாஸ் ஆகும் என்றால், அதை வங்கியின் கடிதத்தில் காட்டச் சொல்லுங்கள். நீங்களே அந்த வங்கியை அழைத்தும் கேட்கலாம். 2,800 வெள்ளியை லோனில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஆண்டுக்கு 3.5 சதவீத நிலையான வட்டி (கடன் குறைந்தாலும் முதல் தொகைக்கே கணக்கிடுவது), 7 ஆண்டுத் தவணை என்றால் அந்த 2,800-க்கு வட்டி மட்டும் 686. மொத்தம் 3,486, அதாவது மாதம் 41 வெள்ளி 50 சென், 84 மாதங்களுக்கு. வாரண்டி இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஐந்து வருடம் இல்லாத வாரண்டிக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மகள் ஒரு தவணை தவறினால் ஜாமீனான உங்களிடம் வருவார்கள். லோன் பத்திரத்தில் காடி விலை எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று எண்ணைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். வாரண்டியைக் கேட்காமலேயே விலைக்குள் சேர்த்துவிட்டதும் நடந்திருக்கிறது.

"வாரண்டி எடுக்கலேன்னா காடி எப்படி இருக்கோ அப்படியேதான், நாங்க பொறுப்பில்லே" என்று கடையில் சொன்னால் பயப்படாதீர்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பை விற்பவர்மேல் வைக்கிறது. பழைய பொருள் என்பதும் விலையும் கணக்கில் எடுக்கப்படும். உங்களிடம் முன்கூட்டியே சுட்டிக்காட்டிய குறைக்குப் பிறகு வாதாட முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தை ஒரு தாளில் கையெழுத்து வாங்கி ஒதுக்கிவிட முடியாது. 2010 திருத்தத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிரான ஒரு பகுதியும் சேர்க்கப்பட்டது. வாரண்டி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதற்காக ஒரு வெள்ளிகூடக் கட்டத் தேவையில்லை.

தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைக் கேட்கும். முன்பு 25,000. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக வழக்கறிஞர் வரக்கூடாது, எதிர்த்தரப்பும் வழக்கறிஞரைக் கொண்டுவர முடியாது. எனக்கு அதில் வருமானம் இல்லை, ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாதது குற்றம்.

அங்கே போய் நிற்கும்போது கேட்கப்படுவது ஆதாரம். "எல்லாமே கவர் ஆகும் அக்கா" என்று வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். ஒப்பந்தத்தின் கடைசியில், இதில் எழுதியிருப்பது மட்டுமே செல்லும் என்றும் ஒரு வரி இருக்கலாம். அதனால் இன்றைக்கே அந்தத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "தம்பி, நேத்து நீங்க சொன்னபடி எஞ்சின், கியர்பாக்ஸ் ரெண்டும் தேய்மானமா இருந்தாலும் கவர் ஆகும், சுங்கை சிப்புட்லயே சரி பண்ணலாம், சரிதானே?" அவர் ஆம் என்றால் அதை அழிக்காமல் வையுங்கள். மழுப்பினால் உங்களுக்குப் புரிந்துவிடும். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று கூச்சப்பட வேண்டாம். மலாய்ப் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். மகளுக்கு ஆங்கிலம் வரும் என்பதால் விலக்குகள், கடமைகள் என்ற இரண்டு பகுதிகளை மட்டும் சத்தமாகப் படித்துச் சொல்லச் சொன்னால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

உங்கள் நிலையில் என் கருத்து இது. காடி வாங்கும் முன், கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்துக் காடியைக் காட்டுங்கள். லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதி, கியர் ஆயில், ஸ்கேன் எல்லாம் பார்க்கட்டும். புஸ்பாகோம் சோதனையை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அது காடி ஓட்டுவதற்குத் தகுதியாக இருக்கிறதா, எஞ்சின், சேசிஸ் எண்கள் சரியா என்று பார்ப்பது. உங்கள் கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. பெரோடுவா சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் பதிவு இருக்கிறதா என்று விற்பவர் வழியாகக் கேட்டு, மீட்டர் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2018 மைவியில் ஆட்டோ என்றால் அது நான்கு கியர் ஆட்டோமேட்டிக். சிவிடி என்ற, கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் 2021 இறுதியில் வந்த மாடலில்தான் வந்தது. நான்கு கியர் வகையை நம் வட்டாரத்தில் நிறைய மெக்கானிக்குகள் நன்றாக அறிவார்கள். எஞ்சினில் டைமிங் செயின், குறிப்பிட்ட கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. ஆகவே சோதனையில் சுத்தமாக வந்த இந்தக் காடிக்கு, தெளிவில்லாத ஒரு வாரண்டியை லோனில் சேர்த்து எடுக்க நான் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முதல் மாதமே ஆயில், கியர் ஆயில், கூலண்ட், ஹோஸ், பிரேக் என்று போட்டுவிட்டு, மாதம் நூறு வெள்ளி தனியாக ஒரு கணக்கில் போடுங்கள்.

ஆனால் மூன்றாவது மாதமே பெரிய செலவு வந்தால் அந்தக் கணக்கில் முந்நூறுதான் இருக்கும். அப்படி ஒரே அடியில் நான்காயிரம் வந்தால் வீட்டில் சமாளிக்கவே முடியாது என்றால், வாரண்டியை ஒதுக்கிவிடாதீர்கள். உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் பின்னணி, தேய்மானத்துக்கு இடம், மூல காரணம் பற்றிய விதியில் நியாயம், சுங்கை சிப்புட்டிலோ கோலகங்சாரிலோ ஒரு பட்டறை, இவை எழுத்தில் இருந்தால் எடுங்கள். லோனில் சேர்க்காமல் ரொக்கமாகக் கட்டுங்கள். விலையையும் பேசுங்கள். 2,800 கல்லில் எழுதிய எண் இல்லை, காடி விலையைப் போலவே குறைத்துக் கேட்கலாம். காடியை இடையில் விற்றால் மீதிக் காலத்தை வாங்குபவர் பெயருக்கு மாற்றலாமா, வேண்டாம் என்றால் மீதிப் பணம் திரும்புமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மாதிரிப் பிரதி கிடைத்தால் படம் எடுத்து இந்தப் பகுதியின் வழியாகவே எனக்கு அனுப்புங்கள். விலக்குப் பகுதியையும் கடமைப் பகுதியையும் நான் படித்து, எந்த வரியை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தமிழில் எழுதித் தருகிறேன். வெள்ளிக்கிழமை கடைக்குப் போகும்போது மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள், அம்மா. ஒப்பந்தத்தில் இருக்கப்போவது அவள் பெயர், கேள்விகளையும் அவளே கேட்கட்டும்.